டிராகன் கதைக்கு நான் உண்டாக்கிய எதிரிகள்

நான் எழுதிய டிராகன் கதையில் நாயகி சுமாராகத்தான் வந்தாள். எதிரிகள் நன்றாக வந்தார்கள். செல்போனில் கதை படிக்கிற ஒரு ஆப்பில் வாரம் ஒரு பாகம் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே கருத்து எழுதுகிற பெண்கள், "அந்த மலைக்காரி வந்தாலே வயித்தக் கலக்குது சிஸ்" என்பார்கள். "பயிற்சிக்கூடத்துத் தலைவிய எப்போ சாகடிப்பீங்க?" என்று கேட்பார்கள். நாயகியைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

எதிரியை உண்டாக்குவது எனக்குச் சிரமமே இல்லை. என் சுபாவம் அப்படி. பால் ஊற்ற வருகிறவர் ஒருநாள் மணியடிக்காமல் போனால் என்மேல் என்ன கோபமோ என்று யோசிப்பேன். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் களை எடுக்கிற கொல்லையிலிருந்து பாதி வழி திரும்பி ஓடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டதும் இதனால்தான். யாரும் என்னை நிறுத்தவில்லை. ஒன்பதாவதுக்குத் திருக்கோவிலூர் பஸ் ஏற வேண்டும். ஏரிக்கரைத் திருப்பத்தில் அந்தப் பஸ் கவிழ்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அம்மா சொல்லிப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். பஸ் இன்றுவரை கவிழவில்லை.

கட்டிக் கொடுத்த இடத்திலும் எனக்கு நிலைக்கவில்லை. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கே திரும்பி வந்து, அம்மாவோடும் தங்கச்சியோடும் இருந்தேன். நூறு நாள் வேலையில் சாப்பாட்டு நேரம் வந்தால் ஏரிக்கரை மேல் உட்கார்ந்து கட்டை விரலால் கதையைத் தட்டுவேன்.

கதை இதுதான். ஒரு பெரிய மலை. அதன் உச்சியில் டிராகன்களைப் பழக்குகிற பயிற்சிக்கூடம். கீழே சமவெளியிலிருந்து ஒரு கூலிக்கார வீட்டுப் பெண் அங்கே போய்ச் சேர்கிறாள். பயிற்சி முடிவில் ஒரு பந்தயம். டிராகன் மேல் ஏறி மலையை ஒரு சுற்று சுற்றி வந்தால் காவல் படையில் சேரலாம், தவறினால் ஊர் திரும்ப வேண்டியதுதான். மலை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. மழை விட்ட மறுநாள் எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை கையெட்டும் தூரத்துக்கு வந்து நிற்கும். நாயகியும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். தங்கச்சி அப்போது போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

அவள் என்னை மாதிரி இல்லை. பஸ்ஸில் படியில் நின்று போய்க் கள்ளக்குறிச்சியில் கல்லூரி முடித்தவள். எழுத்துத் தேர்வு முதல் தடவை போச்சு, இரண்டாம் தடவை போச்சு. இந்தத் தடவை பாஸ். ஓட்டம் ஒன்றுதான் பாக்கி. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அதற்கப்புறம் விண்ணப்பமே போட முடியாது. அம்மா ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை வீட்டாரை, "ஓட்டம் முடியட்டும், சொல்றேன்" என்று நிறுத்தி வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் அந்த வருஷம் பேச்செல்லாம் அந்த ஓட்டத்தைச் சுற்றித்தான்.

கதையை முதலில் படிக்கிறவள் அவள்தான்.

"இன்னாக்கா இது, ஒர்த்திக்கு இத்தினி எதிரியா? கூட ஓட்றவ எதிரி, சொல்லிக் குடுக்கறவ எதிரி, மாமங்காரன் எதிரி. அந்த டிராகனாச்சும் இவ பக்கம் இருக்குதா, இல்ல அதுவும் எதிரிதானா?"

"அது இன்னும் முடிவு பண்ணல."

"இவ இன்னா ஊருக்குத் துரோகமா பண்ணா? அத்தினி பேரும் வேல வெட்டிய வுட்டுட்டு இவள வுழத் தள்ளிக்கினே கீறாங்க."

"அப்டித்தான்டி இருப்பாங்க. வெளிய தெரியாது."

"உனுக்கு மட்டும் தெரிஞ்சிரும்" என்று சிரித்தாள்.

தினமும் விடிந்ததும் கள்ளக்குறிச்சி மைதானத்துக்குப் போவாள். வேலை இல்லாத நாளில் நானும் துணைக்குப் போவேன். துணை என்றால் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் பையைப் பிடித்துக்கொண்டிருப்பது. மைதானத்தில் கண்ணாடித் துண்டும் முள்ளும் கிடந்தன. அவள் ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டாள். கரும்பு வெட்டுக் கூலியில் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து அதை வீட்டுக்குள்கூடக் கழற்றவில்லை. பழகணுமாம். காலுக்கு ஒன்றும் ஆகாது என்று அன்றைக்கு எனக்கு ஒரு கவலை குறைந்தது.

அங்கேதான் மலைப் பெண்ணைப் பார்த்தேன். வெள்ளிமலைப் பக்கத்துப் பெண். கள்ளக்குறிச்சியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி ஓடப் பழகினாள். ஷூ கிடையாது. வெறும் காலோடு ஓடுவாள். அவள் ஓடுவதைப் பார்த்தால் கால் தரையில் படுகிற மாதிரியே இருக்காது. தங்கச்சி முக்கால் சுற்று வரும்போது அவள் முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பாள். இத்தனை பேரில் தங்கச்சிக்கு ஓரிடம் குறைந்தால் அது இவளால்தான் குறையும் என்று எண்ணினேன். அந்த வாரமே கதைக்குள் ஒரு மலைக்காரி வந்துவிட்டாள். நீலச் சிறகு டிராகன், வெறுங்கால், சிரித்துக்கொண்டே நாயகியின் சேணத்து வாரை அறுக்கிறவள். அந்தப் பாகத்துக்கு வந்த மாதிரி கருத்துகள் எதற்கும் வந்ததில்லை.

ஒருநாள் அந்தப் பெண் ஒரு துணிப்பை நிறையப் பலாச்சுளை கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"எங்கூட்டு மரத்துதுக்கா. சாப்டுங்க. நீங்க ஏன் ஓட்றதில்ல?"

"நான் எட்டாவது வரிக்கும்தாம்மா."

"ஓடறதுக்கு இன்னாத்துக்குக்கா படிப்பு?" என்றாள். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் ஒரு சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டத்துக்கு முன்னால் பலாப்பழம் தின்றால் வயிற்றைக் கெடுக்கும். தெரிந்துதான் கொடுக்கிறாளோ? தங்கச்சி அதற்குள் நாலைந்து தின்றுவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அன்று முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அம்மாவின் வேண்டுதல். எழுத்துத் தேர்வு எழுதப் போன அன்றைக்கே அம்மா கோயிலில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், மகள் பாஸானால் இந்த வருஷத் திருவிழாவில் அவளைத் தீமிதிக்க விடுகிறேன் என்று. பாஸானதும்தான் எங்களிடம் சொன்னாள். தங்கச்சிக்கு அதில் தயக்கம் ஒன்றும் இல்லை. மைதானத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். கோயிலில் கொடியேறியதும் காப்பும் கட்டிக்கொண்டாள். மஞ்சள் புடவை, ஒருவேளைச் சாப்பாடு, வெறுங்கால். அந்த நாட்களில் ஓடவும் போகவில்லை. அதற்கு நடுவில் ஓட்டத் தேதி வந்தது. விழுப்புரத்தில் நடக்கிறது. தீமிதி முடிந்து மூன்றாம் நாள்.

நான் பயந்தேன். இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லவும் செய்தேன்.

"அடுத்த வருசம் மிதிக்கட்டும்மா. அம்மன் இன்னா, ஓடியா பூடும்?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமலே சொன்னாள். "வேண்டுனத நிறுத்தி வெச்சிட்டு ஓடுனா அவ கால வாரி வுட்ருவா. நீ வாய மூடு. எப்பவும் கேடாவே பேசிக்கினு."

"அக்காவுக்குத் தீப்பெட்டியப் பாத்தாலே பயம்மா" என்றாள் தங்கச்சி. "ரெண்டு எட்டு. தாவுற தாவுல அந்தாண்ட பூடுவேன்."

அவள் சொன்ன மாதிரி செய்யவில்லை. சாயங்காலம், பம்பை சத்தம், ஊரே கயிற்றுக்கு வெளியே. தணலை விசிறிக் கட்டையால் தட்டிச் சமமாக்கியிருந்தார்கள். முன்னால் போன பெண்கள் எல்லாரும் செருப்பில்லாமல் நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள். இவள் தலையில் கரகத்தோடு, வாய் திறந்து சிரித்துக்கொண்டே, தாவாமல் நடந்தாள். சாமி ஏறினவள் தாவ மாட்டாளாம். அந்தப் பக்கம் பால் குழியில் இறங்கியதும் ஒரு நொடி அவள் முகம் சுருங்கியது. அதை நான் மட்டும் பார்த்தேன் என்று நினைத்தேன். அம்மாவும் பார்த்திருக்கிறாள்.

தீமிதித்தவர்கள் அன்றைக்கு அம்மனுக்குச் சமம். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒவ்வொரு வாசலிலும் குடத்தோடு நின்று காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிடுவார்கள். இவள் ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். குங்குமம் எடுத்து வைத்தாள். "போலீஸாயி எங்க தெருவயும் பாத்துக்கம்மா" என்று ஒரு அத்தை சொன்னதற்கு, "உன்னதான் அத்தே மொதல்ல புடிப்பேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் தோளைப் பிடித்த பிடியில் எனக்குக் கை மரத்துப்போனது.

உள்ளே வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். தங்கச்சி சுவரோடு சரிந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். ஒரு வருஷமாக ஷூவுக்குள் இருந்த கால். உள்ளங்கால் வெளுத்து, பிறந்த பிள்ளைக் கால் மாதிரி மெத்தென்று இருந்தது. அந்த மெத்தென்ற இடம் முழுக்கக் கொப்புளம். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஆகவில்லை. அவர்களுக்கெல்லாம் காலடியில் இருப்பது தோல் இல்லை, பனைமட்டை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"வாய மூடு" என்றாள் அம்மா. இந்தத் தடவை கோபமாக இல்லை. தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்தாள். "கால் சுட்டுச்சின்னு ஒர்த்தருக்குத் தெரிஞ்சா இன்னா பேசுவாங்க? சுத்தமில்லாம எறங்கிட்டான்னு சொல்லுவாங்க. வயசுப் பொண்ணு. அதுக்கு இன்னா அர்த்தம் பண்ணுவாங்கன்னு உனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். காலில் சூடுபட்டால் விரதத்தில் தப்பு, உடம்பில் தப்பு, மனசில் தப்பு. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சுகாதார நிலையத்தில் கட்டுப் போடுகிற அம்மாவும் எங்கள் தெருதான். தங்கச்சி காலைப் பார்த்தபடியே, "வெண்ண இருந்தா குடும்மா" என்றாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் குங்குமம் வாங்க ஆட்கள் வந்தார்கள். வாசலில் குரல் கேட்டதும் எழுந்து நிற்பாள். நிற்காவிட்டால் ஏன் நிற்கவில்லை என்று கேட்பார்களே! நான் கதையில் எத்தனையோ எதிரிகளை எழுதியிருக்கிறேன். நாயகியைக் குகையில் அடைத்தவர்கள், டிராகனுக்கு மருந்து வைத்தவர்கள். அந்த வாசலில் வந்து நின்ற பெண்களில் ஒருத்தியைக்கூட என்னால் எதிரி என்று எழுத முடியாது. கையில் வாழைப்பழமும் வெற்றிலையும் கொண்டுவந்தார்கள். நல்லா ஓடிட்டு வா என்று இவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். அவர்கள் வணங்க வணங்க இவள் கொப்புளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

விழுப்புரத்துக்கு மூன்று பேரும் போனோம். மைதானத்துக்குள் எங்களை விடவில்லை. வெளியே வேலியோரம் நூற்றுக்கணக்கில் அம்மாக்களும் அண்ணன்களும் நின்றார்கள். மலைப் பெண் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். தங்கச்சி நடக்கிற நடையைப் பார்த்தவுடனே சிரிப்பு நின்றுவிட்டது. அவளைத் தனியாக ஒரு டெம்போ மறைவுக்கு இழுத்துப் போய்ச் சாக்ஸைக் கழற்றச் சொன்னாள். நானும் பின்னாலேயே போனேன்.

"யக்கா, இன்னா இது? இத வெச்சிக்கினு எப்டி ஓடுவ?"

"யாராண்டயும் சொல்லாத."

"உள்ள டாக்டர் இருப்பாங்க. காட்டுனா எதுனா..."

"காட்டுனா ஓட வுட மாட்டாங்க. அப்பறம் அவ்ளோதான்."

மலைப் பெண் தன் பையைக் கொட்டிப் பஞ்சு தேடினாள். கிடைக்கவில்லை. தன் துப்பட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து இரண்டு காலிலும் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். "நான் உன் முன்னாடியே ஓட்றேன்க்கா. என் முதுகயே பாத்துக்கினு வந்துரு. கால நெனைக்காத." என் கதையில் சேணத்து வாரை அறுக்கிறவள் இவள்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆனால் அவர்களை ஒரே சுற்றில் ஓட விடவில்லை. எண் வரிசைப்படி மலைப் பெண் முதலிலேயே ஓடிவிட்டாள். தங்கச்சி மதியத்துக்குப் பக்கம்தான் ஓடினாள். வேலியிலிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரியும். விசில் கேட்டது. நான் அவளுடைய சிவப்பு ரிப்பனைத் தேடிப் பிடித்தேன். முதல் பாதியில் அவள் நடுவில் இருந்தாள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். திருப்பத்தில் ரிப்பன் பின்னால் போனது. அப்புறம் எல்லாத் தலைகளும் போய்விட்ட பிறகு அது மட்டும் வந்தது. கோட்டைத் தாண்டினாள். நேரம் முடிந்து தாண்டினாள்.

விசில் ஊதிய போலீஸ் அம்மாள் அவளைக் கையைப் பிடித்து நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்ததைப் பார்த்தேன். குனிந்து ஏதோ சொல்லி முதுகில் தட்டியும் கொடுத்தார். அப்புறம் அவளை வெளியே அனுப்பினார்கள்.

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். துப்பட்டாத் துணி காலோடு ஒட்டிப்போயிருந்தது.

"இன்னா ஆச்சி?" என்றாள் அம்மா, எல்லாம் பார்த்துவிட்டு.

"போச்சும்மா."

"இன்னொரு தபா வுட மாட்டாங்களா? நான் கேக்கட்டுமா?"

"யாரக் கேப்ப? வா, பஸ் பூடும்."

மலைப் பெண் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள். தனக்குத் தேறிவிட்டது என்று அவளாகச் சொல்லவில்லை. தங்கச்சிதான் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள். தங்கச்சி அவள் தலையில் ஒரு குட்டு வைத்து, "அதுக்கு ஏன்டி அழுவுற?" என்றாள்.

அம்மா ஊரில் சொன்னது, கால் சுளுக்கிக்கொண்டது என்று. மெய்யான காரணத்தை இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அதுவும் முழுத் தைரியம் இல்லை. அம்மா தன் மட்டில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். வேண்டுதலில்தான் எங்கேயோ குறை, கரகத்தில் வேப்பிலை கம்மி, இல்லாவிட்டால் அந்த ஒருவேளைச் சாப்பாட்டில் ஏதோ தீட்டு. அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலில் போய் இன்னொன்று வேண்டிக்கொண்டு வந்தாள். இது கல்யாணத்துக்கு. நிறுத்தி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லி அனுப்பினாள்.

நான் கதைக்குத் திரும்பினேன். பந்தய நாள் பாகம் எழுத வேண்டும். ஆப்பில் எல்லோரும் காத்திருந்தார்கள். எழுத உட்கார்ந்தால் எதிரிகள் வரவில்லை. தலைவியின் வாயில் கெட்ட வார்த்தை ஒன்றைப் போட்டேன், அவள் கையில் தண்ணீர் செம்போடு நின்றாள். மாமன்காரனை வாசலுக்குக் கொண்டுவந்தேன், அவன் கையில் வெற்றிலை. நாயகி விழ வேண்டும் என்று யாருமே நினைக்காமல் அவளை எப்படி விழ வைப்பது? அது தெரிந்தால் எழுதியிருப்பேன். வெறும் பாசத்தில் விழுந்தாள் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? ஒரு பாகம் அப்படி எழுதியும் போட்டேன். "போர் அடிக்குது சிஸ், வில்லி எங்க?" என்று வந்தது. எடுத்துவிட்டேன்.

பயிற்சிக்கு வரச் சொல்லி ஆணை வந்த அன்று மலைப் பெண் போன் செய்தாள். தங்கச்சி நன்றாகவே பேசினாள். "பூட்ஸு மொதல்ல கடிக்கும், தேங்காண்ண தடவு" என்றாள். "அங்க உள்ளவங்க கத்துனா திருப்பிக் கத்தாத." வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உன் கதைல அந்த மலைக்காரி இன்னா ஆவுறா?"

"டிராகன்லேர்ந்து வுழுந்து சாவுற மாரி வெச்சிருந்தேன்."

"வேணாங்க்கா. அவ போவட்டும். ஜெயிக்க வெச்சுரு."

நான் சரி என்றேன். நாயகி என்ன ஆவாள் என்று அவள் கேட்பாள் எனக் காத்திருந்தேன். பதில்கூட ஒன்று யோசித்து வைத்தேன், பொய்தான். அவள் கேட்கவில்லை. எழுந்து போய்த் துணி ஊறவைத்தாள்.

மலைக்காரியை ஜெயிக்க வைத்து அந்தப் பாகத்தைப் போட்டேன். வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. நிறையப் பேர் விட்டுப் போனார்கள். தங்கச்சி அதைப் படிக்கவே இல்லை. ஆவணியில் நிச்சயம் ஆனது, மாப்பிள்ளை மூங்கில்துறைப்பட்டுப் பக்கம், டிராக்டர் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். கல்யாணம் ஆன புதிதில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். களத்துமேட்டில் சுடுவெயிலில் வெறுங்காலோடு நின்று நெல் துழாவிக்கொண்டிருந்தாள்.

"செருப்பு போட்டுக்கடி" என்றேன்.

"இப்பல்லாம் சுடறதில்லக்கா" என்றாள்.